பின்சீட்டுப் பாரம்

சுனாபட்டி ரயில் கேட்டுக்குச் சற்று முன்னால், சாலையை வெட்டி மூடியிருந்த இடத்தில், வேல்ராஜ் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டான். பின்னால் ஒரு டெம்போவும் இரண்டு ஆட்டோக்களும் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றன. பிரேக்கிலிருந்து காலைத் துளித் துளியாகத் தளர்த்தினான். முன் சக்கரங்கள் மேலே பதித்திருந்த பேவர் கல்லின் விளிம்பில் ஏறி இறங்கின. அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பின் சக்கரங்கள் இறங்கும்போதுதான் வந்தது. அடியிலிருந்து யாரோ உலக்கையால் குத்தியது போல ஒரு தூக்கல்.

"ஐயோ, குருவாயூரப்பா!"

நடு சீட்டில் அம்மிணி மாமி இரண்டு கைகளாலும் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் வந்தனா மடியிலிருந்த லேப்டாப்பை மூடிவிட்டு மாமியின் இடுப்பைத் தாங்கினாள்.

"மெதுவா வேல்ராஜ், ப்ளீஸ்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும் மேடம்."

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிறு கேமராவின் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. மாமியின் மகன் அனந்த் ராத்திரி வந்து அதைப் போட்டுப் பார்ப்பார்.

மாமிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செம்பூர் வீட்டிலிருந்து மாட்டுங்கா ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். சிறுநீரகத்தோடு எலும்பும் போய்விட்டது. முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. பழைய காரில் குனிந்து ஏற முடியவில்லை என்றுதான் அனந்த் இந்தப் பெரிய வண்டியை வாங்கினார். சக்கர நாற்காலியிலிருந்து நேராக நகர்ந்து உட்காரும் உயரம். உள்ளே பாலாடை நிறத் தோல் இருக்கைகள். ஏழு பேர் உட்காரலாம். வாங்கிய அன்று மாமியே கையால் தடவிப் பார்த்து, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றாள். ரோட்டில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது மாட்டு வண்டியைவிட மோசமாகக் குலுக்கும் என்று.

சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை காட்டியாயிற்று. வண்டியில் ஒரு குறையும் இல்லை, இந்த மாடலே அப்படித்தான் என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார்கள். நுரை மெத்தை வாங்கிப் போட்டார்கள். எதுவும் சரிப்படவில்லை. வண்டியில் குறை இல்லையென்றால் பிறகு ஓட்டுகிறவன்தானே மிச்சம்.

அன்று சாயங்காலம் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் அனந்த் அவனைக் கூப்பிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் வேல்ராஜுக்குப் பயமாக இருந்தது.

"அம்மா இனிமே டயாலிசிஸுக்கே போகமாட்டேன்னு சொல்றா. மெஷின்ல படுத்துக்கறது ஒண்ணுமில்லை, போற வழிதான் உயிர் போறதுங்கறா. நீ இதைப் புரிஞ்சுக்கணும்."

"சார், நா எம்புட்டு மெதுவா ஓட்டுதேன்னு நீங்களே கேமராவுல பாத்திருப்பீங்க."

"பாத்தேன். எனக்குத் தெரியலை. ஒரு ஏஜென்சில சொல்லி வெச்சிருக்கேன். பேஷண்ட் வண்டி ஓட்டிப் பழகின ஆள் தருவா. இந்த மாசம் பாக்கறேன் வேல்ராஜ்."

தாராவிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். வீட்டில் அவன் மனைவி கீதா கால்களுக்கு நடுவே ஜீன்ஸ் துணிக்கட்டை வைத்துக்கொண்டு பிசிர் நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்த பட்டறையிலிருந்து தினமும் கட்டுக் கட்டாக வரும். அவன் முகத்தைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னாவ?"

"வேற ஆளு பாக்காவளாம்."

அவள் கத்தரியை மறுபடி எடுத்துக்கொண்டாள். இதற்கு முன் அவன் ஒருவரிடம் வாடகைக்கு வாங்கி டாக்சி ஓட்டினான். காரின் சொந்தக்காரர் ஒருநாள் காலையில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு வேலையில்லாமல் கிடந்த மாதங்களை இரண்டு பேரும் மறந்திருக்கவில்லை.

அடுத்த முறை மாமியைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் கிளப்பினார்கள். மாமியின் கணவர் சங்கரனின் திவசம் அந்த வாரம் வந்தது. மாமி மெஷினில் கிடந்த நேரத்தில், வேல்ராஜும் வீட்டு வேலைக்கு இருக்கும் முருகம்மாளும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தார்கள். இரண்டு மூட்டை அரிசி, ஒரு சாக்குத் தேங்காய், வாழைக்காய்த் தார், எண்ணெய் டின். கடைசி வரிசை சீட்டை மடக்கி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். இடுக்கில் முருகம்மாளும் ஒடுங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது அதே கேட், அதே பள்ளம். வேல்ராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டது போல அமுங்கி எழுந்தது. பின்னால் சத்தமே இல்லை.

வந்தனாதான் பயந்துவிட்டாள். "அம்மா? தூங்கறேளா?"

"தூங்கலை. இன்னிக்கு இவன் நன்னா ஓட்டறான்" என்றாள் மாமி.

வேல்ராஜுக்கு எப்படி ஓட்டினோம் என்றே தெரியவில்லை. வீடு வரும்வரை கைகளை அதே இடத்தில், காலை அதே மாதிரி வைத்திருந்தான். ஆனால் அடுத்த முறை அதே போல ஓட்டியும் பழைய குத்து விழுந்தது. மாமி கத்திவிட்டு, மூச்சு திரும்பியதும் கேட்டாள்.

"அன்னிக்குப் பின்னாடி தேங்காய் இருந்துதோல்லியோ?"

"ஆமா மாமி."

"அப்ப தேங்காயை ஏத்திக்கோ. எனக்குச் சாக வேற வழி இருக்கு, கேட்டயா. முதுகு ஒடிஞ்சு சாகணும்னு இல்லை ஆக்கும்."

வேடிக்கையாகச் சொன்னதை வந்தனா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே அனந்துக்குப் போன் செய்தாள். அவர் சர்வீஸ் சென்டரைப் பிடித்து உலுக்கியதில், இந்தத் தடவை ஒருவன் உள்ளதைச் சொன்னான். ஏழு பேரையும் சாமானையும் தாங்குவதற்கான ஸ்ப்ரிங் அது. காலியாகப் போனால் துள்ளத்தான் செய்யும். பின்னால் பாரம் இருந்தால் அமுங்கிப் போகும்.

அன்று மத்தியானம் வேல்ராஜ் பார்க்கிங் தூணில் சாய்ந்து நின்று, அதைத் தனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். ஓட்டுகிறவன் மேல் குற்றமில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது.

அனந்த் பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து மணல் மூட்டை வரவழைத்தார். முதல் நாளே, சயானில் ஒரு பைக் குறுக்கே வர, வேல்ராஜ் பிரேக் போட்டான். ஒரு மூட்டை வழுக்கி வந்து நடு சீட்டின் முதுகில் மோதியது. மாமி அலறிய அலறலில் பைக் ஓட்டி வந்தவன் திரும்பிப் பார்த்தான். மூட்டை பிரிந்து மணல் கம்பளத்தில் கொட்டிக் கிடந்தது. அதை உறிஞ்சி எடுக்க முருகம்மாளுக்கு முக்கால் நாள் ஆயிற்று.

"மூட்டை வேண்டாம். மனுஷா உக்காந்தா பெல்ட் போட்டுக்கலாம், நகராது" என்றார் அனந்த்.

கணக்குப் போட்டதில் முருகம்மாள் ஒருத்தி போதாது என்று தெரிந்தது. இன்னொரு ஆள் வேண்டும். தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது. வந்தனா வேல்ராஜிடம் தயங்கித்தான் கேட்டாள். "உன் வைஃப் வருவாளா? சும்மா உக்காந்துண்டு வர்றதுதான். சாப்பாடு நம்மாத்துல."

மறுநாள் காலை கீதா தலையில் பூ வைத்து, வெளியூர் போகிறவள் போல வந்து நின்றாள். கையில் ஒரு துணிக்கட்டு இருந்தது. காத்திருக்கிற நேரத்தில் நூல் வெட்டலாம் என்று எடுத்து வந்திருந்தாள்.

"ஐயோ, நூலெல்லாம் சீட்ல ஒட்டிக்கும் கீதா. அதை இங்கயே வெச்சுடு" என்றாள் வந்தனா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்பா நினைச்சுக்காதே. உன் வெயிட் எவ்வளவு?"

கீதாவுக்குத் தெரியவில்லை. குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினை எடுத்து வந்து சமையலறைத் தரையில் வைத்தார்கள். கீதா செருப்பில்லாமல் ஏறி நின்று, போட்டோவுக்கு நிற்பது போல நேராகப் பார்த்தாள். அனந்த் குனிந்து முள்ளைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்து முருகம்மாள் ஏறினாள். முள் நாற்பதைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தி நின்று பார்த்தாள்.

"காலைல வெறும் டீதான் குடிச்சேன் மேடம். சாப்ட்டுட்டு ஏறட்டா?"

அனந்த் சிரித்துவிட்டார். "பரவாயில்லை. ரெண்டு பேருமாச் சேர்ந்தா சரியா இருக்கும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த வேல்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீதா இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்றாள். "நா பாஸா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி வரிசைக்குப் போக நடு சீட்டின் இடதுபக்கத்தை வெளியிலிருந்து மடக்கித் தூக்க வேண்டும். பெண்கள் இருவரும் குனிந்து உள்ளே போய்ப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்கள். அங்கே காலை நீட்ட இடமில்லை. முழங்கால் மார்பைத் தொட்டது. பிறகு சீட்டை நிமிர்த்தி மாமியை அதில் உட்கார வைத்தார்கள்.

சுனாபட்டி வந்தது. வேல்ராஜ் பள்ளத்தில் இறக்கும்போது கண்ணாடியைப் பார்த்தான். மாமியின் தலை லேசாக அசைந்து நின்றது. அவளுக்குப் பின்னால் இரண்டு தலைகள் ஒன்றாக எழும்பி, கூரையைத் தொட்டு, ஒன்றாக இறங்கின. பின் சக்கரம் அவர்களுக்கு நேர் கீழே இருந்தது. முருகம்மாள் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றியிருந்தாள். கீதா வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"போயாச்சா பள்ளம்?" என்று மாமி கேட்டாள்.

"போயாச்சு மாமி."

"அட!"

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினாள். இத்தனை நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு போன வழி அது. கிங்ஸ் சர்க்கிளில் பூக்கடையைப் பார்த்து, கதம்பம் வாங்க வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாட்டி இன்று அழவில்லையே என்று ஹிந்தியில் கேட்டபோது, "தேங்காய் ரெண்டு கொண்டு வந்திருக்கேன்" என்று தமிழில் பதில் சொன்னாள்.

திரும்பும்போதும் அப்படியே. வீட்டு பேஸ்மெண்டில் வண்டி நின்றதும், வேல்ராஜ் மாமியை அணைத்துத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தான். மெஷினிலிருந்து வந்த களைப்பில் அவள் கழுத்து நிற்கவில்லை. வந்தனா ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொள்ள, அவன் காலால் கதவைச் சாத்தி, சாவிப் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டு, நாற்காலியை லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

மேலே அனந்த் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கட்டிலில் சாய்ந்ததும் மாமி மகனைப் பார்த்தாள்.

"வலியே இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா கத்தற வலி இல்லை. நாளன்னிக்கும் போறேன்."

அனந்த் அம்மாவின் பாதத்தைப் போர்வையால் மூடினார். பிறகு வெளியே வந்து வேல்ராஜின் தோளைத் தொட்டார். "அந்த ஏஜென்சிக்காரனை வேண்டாம்னு சொல்லிட்டேன். நீயே ஓட்டு. உன்னை ரொம்பப் படுத்திட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

வந்தனா காப்பி கொண்டு வந்தாள். இதுவரை பேப்பர் கப்பில்தான் வரும்; இன்று டம்ளரில் வந்தது. அவன் பால்கனி ஓரத்தில் நின்று, சூடு குறையட்டும் என்று ஆற்றி ஆற்றிக் குடித்தான். கீழே செம்பூர் மரங்களுக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கீதாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துப் பார்த்தான். நேரே சொல்லாமல், முதலில் கொஞ்சம் பயமுறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"வேல்ராஜ், அவா ரெண்டு பேரும் எங்க? இலை போட்டாச்சே" என்றாள் வந்தனா உள்ளேயிருந்து.

டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவன் ஓடினான். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினான்.

பேஸ்மெண்டில் காற்றே இல்லை. வண்டியின் கறுப்புக் கண்ணாடியில் முதலில் அவன் முகம்தான் தெரிந்தது. பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. கடைசி வரிசையில் இருவரும் பெல்ட் போட்டபடியே உட்கார்ந்திருந்தார்கள். கைகள் மடியில் இருந்தன. ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கீதாவின் பூ கசங்கிக் கழுத்தில் தொங்கியது.

"ஏட்டி! தட்டிருக்கலாம்லா? போனு அடிச்சிருக்கலாம்லா?"

"இங்க டவர் இல்ல" என்றாள் கீதா. குரல் காய்ந்து போயிருந்தது. "அக்கா ஒருக்கா இந்தப் பக்கம் சாஞ்சாவ. வண்டி அலாரம் கத்த ஆரம்பிச்சிட்டு. பயந்துபோயிட்டோம். பொறவு தானா நின்னுட்டு. அதான் அசையாம இருந்தோம்."

அவனுக்குச் சீட்டை மடக்கும் கொக்கி கைக்கு அகப்படவில்லை. தடவிக்கொண்டேயிருந்தான்.

"வேல?" என்று கேட்டாள் கீதா.

"போவல. நானேதான்."

அவள் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். "முருகா" என்று முருகம்மாள் சொன்னாள். இருவர் முகத்திலும் சிரிப்பு பரவியது. ஆனாலும் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை. அவன் சீட்டைத் தூக்கி முழுதாக மடக்கி முடிக்கும்வரை, வண்டி மறுபடியும் கத்திவிடுமோ என்று, இரண்டு பேரும் அப்படியே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.