பதினோராம் குழாயில் ஏறிய தண்ணீர்

கோடை பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நீர்நிலைக் கண்காணிப்பு அலுவலகத்துச் சுவர்ப்பலகை அழுது வடிந்தது. மழைக்கான கட்டங்களில் வரிசையாக முட்டை. ஆற்றில் முழங்கால் ஆழம். அணையில் நூற்றுக்கு முப்பத்தொன்று. நிலத்தடி நீரை அளக்க நகரைச் சுற்றிப் புதைத்திருந்த பதினோரு குழாய்களில் பத்தில் தண்ணீர் வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்தது. பதினோராவதில் மட்டும் ஏறியது.

அளந்தவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவள் அந்த அலுவலகத்தின் அளவையாளர். அளவு நாடாவைக் குழாய்க்குள் இறக்கினால், முனை தண்ணீரைத் தொட்டதும் கருவி கீச்சென்று கத்தும். முதல் வாரம் பதினொன்று புள்ளி எட்டு மீட்டர் ஆழத்தில் கத்தியது. அடுத்த வாரம் பத்து புள்ளி ஒன்பதில். அதற்கடுத்த வாரம் பத்து புள்ளி ஒன்றில்.

போதாக்குறைக்கு, அந்தக் குழாய் இருந்தது அவள் புகுந்த வீட்டுத் தெருமுனைப் பூங்காவில். தண்ணீர் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே போனால் அந்த வட்டாரத்தில் செடிக்கும் புல்லுக்கும் தண்ணீர் விடக்கூடாது என்பது உத்தரவு.

அலுவலகப் பொறியாளருக்கோ தலைகால் புரியவில்லை. "பூமிக்கடியில ஓடை ஒண்ணு திசை மாறியிருக்கும்மா! பத்து வருஷத்துக்கு ஒருதடவைதான் இப்படி நடக்கும்!"

"சார், நாடா முனையில நுரை இருந்துச்சு."

"ஓடைன்னா நுரைக்கத்தானே செய்யும்."

"மல்லிகை வாசனையும் அடிச்சுது சார்."

பொறியாளர் சற்று யோசித்தார். "பூங்காவுலதானே இருக்கு?" என்றார்.

நான்கு பக்க அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போனது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமைப் பொறியாளரே நேரில் வருவதாகப் பதில் வந்தது.

திங்கட்கிழமைகளில் அவள் எட்டு மணிக்குக் கிளம்பி, அலுவலகம் போய்க் கருவியை எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் பூங்காவுக்கு வருவாள். நுரையும் வாசனையும் உறுத்தியதால் இந்த முறை சனிக்கிழமையே கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வழக்கம்போல எட்டு மணிக்குக் கிளம்பி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பூங்காவின் பின்வாசல் வழியாக நுழைந்தாள்.

குழாயைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வாளியோடு வரிசையில் நின்றார்கள். குழாயின் பூட்டு திறந்து தொங்கியது. வீட்டு ஆணியில் அவள் மாட்டி வைத்திருந்த மாற்றுச் சாவி அதில் இருந்தது. குழாய் வாயில் ஒரு புனல். புனலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, சிந்தாம ஊத்துங்க!" என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தவர் தெருச் சங்கத் தலைவர். அதாவது அவளுடைய மாமனார்.

"மாமா!"

புனல் கீழே விழுந்தது. வரிசை கலைந்தது. மாமனார் மட்டும் நகரவில்லை. நகர்ந்தால் குற்றம் என்று ஆகிவிடும் என நினைத்தார் போலிருக்கிறது.

"நீ ஆபீஸ் போகலையாம்மா?"

"ஊரே சொட்டுத் தண்ணிக்குத் தவிக்குது. நீங்க தண்ணிய வாளி வாளியா குழாயில ஊத்துறீங்களே மாமா!"

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்ல தண்ணிய யாராவது ஊத்துவாங்களா? நாங்க என்ன பொறுப்பில்லாதவங்களா? துணி தொவைச்ச தண்ணிம்மா இது!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காரணத்தை அவர் சொல்லவே வேண்டியதில்லை. வீட்டு முன்னால் ஒரு புல்தரை வளர்த்திருந்தார். ஞாயிறுதோறும் கத்தரிக்கோலால் அதன் ஓரம் வெட்டுவார். பெற்ற மகனை அவர் அவ்வளவு கவனமாக வளர்க்கவில்லை என்பது மாமியாரின் பல வருடப் புகார்.

அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பத்து மணிக்குக் கார் வந்தது. பொறியாளர் முன்னால் ஓடிவந்து, "மேடம், இதுதான் அந்த அதிசயம்!" என்றார்.

தலைமைப் பொறியாளர் நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக ஓர் அம்மாள். நாடாவை இறக்கி, ஏற்றி, முனையை மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்க வீட்லயும் இதே சோப்புதான்," என்றார்.

பொறியாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அளவையாளர் தொண்டையைச் செருமினாள். சொல்லாவிட்டால் வேலைக்குத் துரோகம். சொன்னால் இரவு ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவது? அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் இரண்டடி முன்னால் வந்தார்.

"என் மருமகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. சாவிய எடுத்தது நான். ஊத்தச் சொன்னதும் நான்."

அம்மாள் அவரையும் கலைந்து நின்ற வாளிகளையும் பார்த்தார். "சரி. ஊத்தின கையாலேயே வெளியேயும் எடுத்துடுங்க."

அலுவலகத்திலிருந்து கைப்பம்பு வந்தது. தெருவே முறை வைத்து இரண்டு மணி நேரம் அடித்தது. மல்லிகை மணத்தோடு நுரை வந்து, பிறகு வெறும் தண்ணீர் வந்தது. அதுவும் நின்று, குழாயில் மட்டம் நிலைபெற்ற பிறகு மறுநாள் அளந்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு.

அன்று மாலையே தடை உத்தரவு வந்துவிட்டது. பொறியாளர் தம் அறிக்கையை 'சோப்பினால் நிலத்தடி நீர் மாசடைதல்' என்று தலைப்பு மாற்றி மறுபடி அனுப்பினார். நான்கு பக்கம் ஆறு பக்கமானது.

புல்தரை ஒரு வாரத்தில் பழுத்து, மறுவாரத்தில் வைக்கோலானது. மாமனார் மருமகளோடு நேராகப் பேசவில்லை. "உப்ப எடுத்துத் தரச் சொல்லு," என்று மாமியாரிடம் சொல்வார். உப்பு ஜாடி மருமகளின் கையருகே இருக்கும்.

மூன்றாம் வாரம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"ஹலோ, ஒரு பொறுப்புள்ள குடிமகன் பேசறேன். பக்கத்துத் தெருவுல மூணாம் நம்பர் வீட்ல புல்லு பச்சைப் பசேல்னு இருக்கு. உத்தரவு எல்லாருக்கும்தானே? அவங்க வீட்டுப் புல்லுக்கு மட்டும் என்ன தனிச் சலுகையா?"

குரலைக் கேட்டதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நாளைக்கே ஆள் அனுப்பறோங்க. புகார் குடுக்கறவங்க பேரு?"



"பேரெல்லாம் எதுக்கும்மா," என்றார் மாமனார். "வரும்போது பால் வாங்கிட்டு வந்துடு. உங்க அத்தை மறந்துட்டாளாம்."