ஒரே மாதிரித் தப்பு

கணக்கு டீச்சர் கண்காணிப்புக்கு வந்தால் பரீட்சை அறையில் ஈ பறந்தாலும் விசாரணை நடக்கும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். சட்டை மடிப்பிலோ ரப்பர் உறைக்குள்ளோ துண்டுச்சீட்டு ஒளிந்திருந்தால் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

அன்றைக்கு அறிவியல் பரீட்சை. புதிதாக வந்த அறிவியல் சார் மேல் டீச்சருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். அவர் புத்தகத்தைத் திறப்பதே அபூர்வம். கயிறு, பலகை, சக்கரம் என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, தன் பாட்டுக்குச் சுவரில் சாய்ந்து நிற்பார். வகுப்பு சந்தைக்கடையாக இரையும். அப்படியும் பிள்ளைகள் மார்க்கை மட்டும் அள்ளுகிறார்களே, எங்கேயோ இடிக்கிறது!

கேள்வித்தாள் கொடுத்த சற்று நேரத்தில் டீச்சருக்குப் பிடி கிடைத்தது. ஜன்னலோர வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்து, எதையோ பற்றி இழுப்பதுபோல் இறங்கியது. அடுத்து இன்னொரு கை. பின்னால் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டே இழுத்தான்.

'சைகை பேசுதுங்க' என்று டீச்சருக்குள் மணி அடித்தது. பூனைபோல நடந்துபோய், வகுப்பே சுண்டெலி என்று கூப்பிடும் சின்ன உருவப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெறும் கை.

"யாருக்குச் சைகை காட்டுற?"

"யாருக்கும் இல்ல டீச்சர். மூட்டையை இழுத்துப் பாக்குறேன்."

"எந்த மூட்டை?"

"வகுப்புல இழுத்தது."

அவள் கண் கலங்கிவிட்டது. டீச்சர் நம்பவில்லை.

பரீட்சை முடிந்ததும் தாள்களைப் புரட்டினார். மூட்டையோடு சேர்ந்து மேலே ஏறும்படி ஒரு கப்பியைக் கட்டினால் இழுக்கும் பலம் குறையுமா என்பது கேள்வி. மற்றவர்களெல்லாம் குறையும் என்று எழுதியிருக்க, ஜன்னலோர வரிசை மொத்தமும் 'குறையாது, இன்னும் கூடும்' என்று எழுதியிருந்தது. அத்தனை பேருக்கும் ஒரே மாதிரித் தப்பு வருமா? கையும் களவுமாகச் சிக்கிவிட்டார்கள்!

நேரே அறிவியல் சாரிடம் போனார்.

"உங்க பிள்ளைங்க லட்சணத்தைப் பாருங்க சார்."

சார் தாள்களைப் பார்த்துத் திகைத்தார். "காப்பியடிக்கிற பிள்ளைங்க இல்ல டீச்சர். எல்லாரும் தங்க கையாலேயே இழுத்துப் பாத்தாங்க."

"அப்ப நானும் இழுத்துப் பாக்குறேன்."

அறிவியல் அறையில் கப்பியும் கல்மூட்டையும் கட்டிய மரச்சட்டங்கள் இரண்டு நின்றன; ஜன்னலோர வரிசை இழுத்தது ஜன்னலோரச் சட்டத்தில், மற்றவர்கள் கதவோரச் சட்டத்தில். கதவோரச் சட்டத்தில் மூட்டை லேசாக ஏறியது. டீச்சர் விடவில்லை. ஜன்னலோரச் சட்டத்துக்குப் போய் இழுத்தார். மூட்டை அசைய மறுத்தது. முழுப் பலத்தையும் கொடுத்தபோது கயிறு கரகரவென்று உராய்ந்து உள்ளங்கை சிவந்தது. குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். மூட்டையோடு கட்டிய கப்பி, மேலே சட்டத்தில் இருந்த கப்பி, இரண்டின் சக்கரமும் துருவேறி, சுற்றவே இல்லை.

"இதை நீங்க இழுத்துப் பாத்தீங்களா?"

சாரின் முகம் சுண்டிப்போயிற்று. "இல்ல டீச்சர். எல்லாம் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

"சுவத்துல சாஞ்சு நின்னா எப்படித் தெரியும்?" என்றார் டீச்சர். சொல்லும்போதே மனசு உறுத்தியது. அந்தப் பிள்ளைகள் தங்கள் கைக்குத் தெரிந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் அறிவியல் அறையில் வகுப்பு கூடியதும், சாரையும் வைத்துக்கொண்டு டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "நேத்து யாரும் காப்பியடிக்கல. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"அப்ப எங்களுக்கு மார்க் உண்டா டீச்சர்?" என்றாள் சுண்டெலி.

"விடை தப்புதானே, மார்க் எப்படித் தர முடியும்? இந்தக் கதவோரச் சட்டத்துல இழுத்துப் பாரு."

அவள் கயிற்றைத் தொடவில்லை. முதலில் மூட்டையைப் பிரித்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள். கல்லை எடுத்துவிட்டு ஏமாற்றுகிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். ஜன்னலோர மூட்டையையும் தூக்கி வந்து, இரண்டு கையிலும் மாற்றி மாற்றி எடை பார்த்தாள். டீச்சர் அவளை அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் இழுத்தாள். மூட்டை ஏறியது.

"லேசாத்தான் இருக்கு. ஆனா மூட்டை கொஞ்சம் ஏற, கயிறு இவ்வளவு வருதே, ஏன்?"

பதில் சொல்ல வாயெடுத்த சாரை டீச்சர் கையமர்த்தினார். நாற்காலியை இழுத்துப்போட்டுச் சட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை இழு" என்றார்.