ஜெபகுமாரி அக்காவின் விதைப்பெட்டி

ஏசுஅடிமைக்கு அவசரம் கூடவே பிறந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழித்துறைக்குக் கல்யாணத்துக்குப் போனதுதான் தாமதம், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான்.

எங்கள் ஊர் வரலாற்றுக் காட்சியகம் சபை வளாகத்தில், பழைய போதகர் வீட்டில் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர் சம்பளமில்லாமல் நடத்துகிறோம். பழைய சாமான் கேட்டு நான் கெஞ்சாத வீடு இல்லை. அதிகம் கெஞ்சவைத்தவர் ஜெபகுமாரி அக்கா. போன வருஷம் இறந்த அவர் கணவர் கடைசியாக அறுத்த நெல், ஓர் ஓலைப்பெட்டி நிறைய அவரிடம் இருந்தது. அந்த நெல்லினத்தை இந்தப் பக்கம் விடாமல் விதைத்தது அந்த மனிதர் ஒருவர்தான். அவர் போனதும் வயலில் வாழை ஏறிவிட்டது. பாதியைக் கண்ணாடிக் குடுவையில் வைப்போம், மீதியை வரும் கன்னிப்பூப் பருவத்தில் சபை வயலில் விதைப்போம் என்று நான் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்ன பிறகுதான் அக்கா சம்மதித்தார்.

சொல்லாமல் கொள்ளாமல் அவர் அதைக் கொண்டுவந்த நாள், நான் ஊரில் இல்லாத அந்த ஞாயிறு, அறுப்பின் பண்டிகை. காட்சியகக் கதவு பூட்டியிருக்க, பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் முழங்கால் வலியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குக் காணிக்கையாக வரும் பலாப்பழம், கோழி, வாழைக்குலை எல்லாம் எங்கள் சபையில் ஏலத்துக்குப் போகும். யார் கொடுத்தது என்று கேட்பது மரியாதையில்லை. ஏலம் விளிக்கிறவன் ஏசுஅடிமை. படியிலிருந்த பெட்டியையும் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டான், பாவி. இத்தனைக்கும் அவனும் எங்கள் நான்கு பேரில் ஒருவன்!

எனக்கு இதொன்றும் தெரியாது. அடுத்த ஞாயிறு, குவைத்திலிருந்து வந்திருந்த ஜிபின் தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குச் சபை முழுவதற்கும் பாயசம் கொடுத்தான். அக்கா என் பக்கத்தில்தான் இருந்தார். ஒரு வாய் குடித்ததும் முகமே மாறிவிட்டது.

"ஷைஜா, இது எங்க வீட்டுக்காரருக்க நெல்லாக்கும்! இந்த மணம் எனக்குத் தெரியாதா? வேற எவனோ இன்னும் பயிரு வைக்கான் பாத்தியா!"

இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஜிபினைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"மக்கா, இந்த நெல்லு ஆருக்க வயல்ல உள்ளது? கொஞ்சம் விதைக்குக் கிட்டுமா?"

"வயலா? போன வாரம் ஏலத்துல எடுத்ததாக்கும் பெரியம்மா. ஒரு ஓலைப்பெட்டி. மொத்தத்தையும் மில்லுல குடுத்துக் குத்தியாச்சே."

பந்தல் ஓரத்தில் கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்த ஏசுஅடிமையிடம் போய், "ஏலே, காட்சியகத்துப் படியில இருந்த பெட்டியையா தூக்கினே?" என்று கத்தினேன். அவன் அடுக்கிய கிளாஸ்களை மறுபடியும் எண்ண ஆரம்பித்தான்.

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். கையிலிருந்த காலி கிளாஸையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மிச்சம் இருந்ததையும் நானே கேட்டு வாங்கிக் குடிச்சேனே, மக்கா" என்றார்.