நாற்பத்தொரு நீலமும் ஒரு வெள்ளையும்

இன்று காலை செருப்புகூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடினேன். பூத்துவிட்டது! விதை போட்டு ஐந்து வருடமாகப் புல் மாதிரி வெறும் இலையைக் காட்டி ஏமாற்றிய காமாஸ் செடி, கடலைப் பார்த்த சரிவில், வெயில் நேராக விழுகிற இடத்தில், நீலநீலமாக நிற்கிறது. எண்ணினேன், நாற்பத்தொன்று!

"ஏங்க, எழுந்து வாங்க! பூத்துடுச்சு!"

என் வீட்டுக்காரர் டெல்மர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "இதுக்கா இந்தக் கத்து கத்துனே? நான் கரடி வந்துடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

பூவுக்காகவா குதிக்கிறேன்? கிழங்குக்காக! ஜூன் கடைசியில் ஊர் விருந்துக்குக் குழி வெட்டி, சூடான கல்லில் ஒரு நாள் முழுக்கக் காமாஸ் கிழங்கை வேகவைப்போம். அப்படி இனிக்கும்; அளவு மீறித் தின்றால் மட்டும் ராத்திரி முழுக்க வாயு பிரியும். இந்த வருடம் என் கிழங்கும் அந்தக் குழிக்குள் போயாக வேண்டும். எது போகலாம், எது கூடாது என்று சொல்கிறவர் டெல்மரின் அக்கா எர்னஸ்டீன். ஃபோன் செய்தேன், பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார்.

வந்தவர் என் நீலத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வேலி ஓரம் போனார். அங்கே குட்டையாக, நெருக்கமாக ஒரு வெள்ளைப் பூ.

அந்த வெள்ளை விஷம். தின்றால் ஆளே காலி. மண்ணுக்குள்ளே இரண்டின் கிழங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"விதை எப்ப எடுத்தே?"

"ஜூலையில, காட்டுப் புல்வெளியில, அண்ணி."

"பூவெல்லாம் கொட்டுனப்புறம்! மே மாசமே வெள்ளையெல்லாம் பாத்து அடையாளம் கட்டி வெச்சியா?"

"இல்லியே..."

"நல்லாருக்கு! ஊரையே ஒரே நாள்ல மேல அனுப்பி வைக்கலாம்னு பாத்தியா? மொத்தத்தையும் தோண்டிப் போடு."

"அஞ்சு வருஷம் அண்ணி! இப்ப பூத்திருக்கே, எது நீலம்னு கண்ணுக்குத் தெரியுதே! அதுல மட்டும் அடையாளம் கட்டிடுறேன். கட்டுனத மட்டும் தோண்டுவேன். பூக்காதத தொடவே மாட்டேன்."

அண்ணி குனிந்து ஒரு நீலப் பூவைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப இன்னைக்கே கட்டு. மான் வந்து பூவ மேஞ்சிட்டா அப்புறம் எது எதுன்னு யாருக்குத் தெரியும்?"

வீட்டுக்குள் ஓடினேன். கயிறு இல்லை, நாடா இல்லை. நாற்காலியில் கிடந்தது டெல்மருக்காகப் பின்னிக்கொண்டிருந்த கம்பளி ஸ்வெட்டர். நுனியைப் பிடித்துச் சரசரவென்று இழுத்தேன்.

"அடியே, அது என் ஸ்வெட்டர்!"

"ஒரு கைதானே போகுது! கத்தாம கத்திரிக்கோல எடுத்துட்டு வாங்க!"

நான் ஒவ்வொரு நீலத் தண்டின் அடியிலும் முடிச்சுப் போட்டேன். அண்ணி கையுறை மாட்டி, அந்த வெள்ளையைச் சுற்றியிருந்த மண்ணோடு பெயர்த்து வாளியில் போட்டார். பிறகு என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"குழியில உன் கிழங்கத் தனிக் கூடையில வைப்பேன். ஊருக்கு முன்னாடி முதல் கிழங்க நீதான் திங்கணும், வில்மா."

"ஒண்ணு என்ன அண்ணி, ஒம்பது திங்கிறேன்!"

"ஒம்பதா? அப்ப நான் அன்னைக்கு வேற ரூம்ல படுத்துக்கிறேன்" என்றார் டெல்மர், நூலை நறுக்கி நீட்டியபடி.