இங்க பாரும்மா

குன்னூரில் மாதா கோவிலில் கல்யாணம் நடந்த எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு ஆல்பத்தில் போட்டோகிராபர் எட்மண்டின் குரல் இருக்கும். படத்தில் எப்படிக் குரல் இருக்கும் என்று கேட்காதீர்கள். கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிற பெண்கள் அத்தனை பேரும் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எட்மண்ட் "இங்க பாரும்மா" என்று சொன்னதால் வந்த சிரிப்பு அது.

பின்பக்கமாக நடப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மணப்பெண் ஒரு அடி முன்னால் வைத்தால் இவர் ஒரு அடி பின்னால் வைப்பார். பாதி வழியில், எந்தக் காலத்திலோ செத்துப்போன வெள்ளைக்காரச் சாமியார் ஒருவரின் கல்லறைக் கல் தரைக்குச் சற்று மேலே எழும்பி நிற்கும். அந்த இடம் வந்ததும் திரும்பிப் பார்க்காமலே குதிகாலைத் தூக்கி வைப்பார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், இவர் எப்போது மல்லாக்க விழுவார் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தாங்களே வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். மனிதர் விழவே இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு மகள் எல்சாவின் கல்யாணத்தில் சோதனை வந்தது.

"அப்பா, என்ற கல்யாணத்துல நீங்க கேமராவத் தொடக்கூடாதுங்க" என்றாள் எல்சா. தேயிலை ஏல அலுவலகத்தில் வேலை. ஏலத்தில் விலையை மூணு தரம் சொல்வார்கள்; இவள் எதையும் ஒரே தடவைதான் சொல்லுவாள்.

எட்மண்ட் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அப்புறம் யாரு கண்ணு எடுக்கறது?"

"தேவர்சோலைல சசிதரன்னு ஒரு மலையாளத்துக்காரர்கிட்டச் சொல்லியாச்சு."

"சசிதரனா? அவன் நேத்துப் பொறந்த பையன்! ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுதுன்னு அவனுக்கு என்ன தெரியும்?"

"அது எங்க விழுந்தா என்னங்கப்பா? நீங்க என்ற கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகோணும்."

சமையலறையிலிருந்து ஜெஸிந்தாவின் குரல் வந்தது. "ஏனுங்க, புள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கு கேமரா ஸ்டாண்ட அனுப்பலாம்னு இருந்தீங்களா?"

முப்பது வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள். கேலி பேசும் உரிமை அவளுக்கு முழுசாக உண்டு. எட்மண்ட் சிரிக்கப் பார்த்தார். எல்சா சிரிக்கவில்லை.

"சின்னப் புள்ளைல கோவில்ல மொதல்தடவ புதுநன்மை வாங்குன அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க? ஸ்கூல்ல ஓடி ஜெயிச்சேனே, அன்னிக்கு? போட்டோ எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஒண்ணுலயும் நீங்க இல்ல."

 எட்மண்டுக்கும் மனசுக்குள் ஒரு குறை இருந்தது. அதை மகளிடம் சொல்லாமல், அவள் அந்தப் பக்கம் போனதும் மனைவியிடம் சொன்னார்.

"பக்கத்துல நடக்கறவனுக்குப் புள்ளை மூஞ்சி தெரியாது ஜெஸி. வெறைச்சுட்டு நேராப் பார்த்துப் போகோணும். வாசல்ல இருந்து பீடத்துக்குப் போற அந்தக் கொஞ்ச நேரத்துல பொண்ணுங்க மூஞ்சில ஒண்ணு வரும். என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஊர்ல இருக்கற அத்தனை பேரு ஊட்டுப் புள்ளைங்களுக்கும் அதப் பார்த்தவன் நானு. என்ற புள்ளைக்கு வர்றப்ப மட்டும் நான் பார்க்கக்கூடாதா?"

ஜெஸிந்தா கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"இத அவகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா அழுதுருவா."

"நீங்க அழுதுருவீங்கன்னு சொல்லுங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் கோவிலில் ஒத்திகை நடந்தது. பங்குச்சாமியார் பீடத்தருகே நின்று, "வாங்க எட்மண்ட், மெதுவா வாங்க" என்றார். எட்மண்ட் மகளின் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். அஞ்சாறு பெஞ்சைத் தாண்டுவதற்குள் என்ன ஆனது என்று அவருக்கே தெரியாது. கை நழுவிவிட்டது. அவர் எல்சாவுக்கு எதிரே போய்விட்டார். இல்லாத கேமராவைக் கண்ணருகே பிடித்தபடி, ஜோராகப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். கல் வந்த இடத்தில் குதிகாலைத் தூக்கியும் வைத்தார்.

சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளை டெனின் மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டான். எல்சா பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு முடியாதுன்னா சொல்லீருங்கப்பா. நான் மாமாவ வரச் சொல்லிக்கறேன்."

திட்டியிருந்தால்கூட எட்மண்டுக்கு அவ்வளவு சுருக்கென்று தைத்திருக்காது. அவர் போய் அவளருகே உட்கார்ந்தார்.

"முடியும் கண்ணு. நாளைக்கு நேரா நடக்கறேன். உன்ற பக்கத்துலயே நடக்கறேன்."

மறுநாள் காலையில் மலை மஞ்சு, வெள்ளை மூட்டமாக, கோவில் வாசற்படி வரைக்கும் வந்து நின்றது. வெள்ளைச் சேலையில், தலையில் மெல்லிய நெட் முக்காட்டோடு எல்சா காரிலிருந்து இறங்கினாள். எட்மண்டுக்குப் புதுக் கோட்டு. கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தன. ஜெஸிந்தா தன் கைக்குட்டையை அவருடைய இடது கையில் திணித்தாள்.

"இத இறுக்கிப் புடிச்சுக்குங்க. சும்மா உட்டா அது கேமராவத் தேடும்."

பாட்டு ஆரம்பித்தது. எல்சா அவர் கையைக் கோத்துக்கொண்டாள். சசிதரன் எதிரே கேமராவோடு பின்னால் நடக்க ஆரம்பித்தான். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவன் ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று எட்மண்டுக்கு நாக்கு அரித்தது. கூப்பிடாவிட்டால் பெண் எப்படிக் கேமராவைப் பார்ப்பாள்? அத்தனை படமும் வீணாகப் போகப்போகிறது. ஆனால் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தார்.

பார்த்தால் பீடம் கிட்டே வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அந்த வழியில் அவர் பார்த்ததெல்லாம் தூரமாகப் போகிற வாசலைத்தான். இப்போது மெழுகுவர்த்திகள் தெரிந்தன, அந்தக் குளிரிலும் வியர்த்து நிற்கிற டெனின் தெரிந்தான். பக்கத்தில் மகள் மூச்சு விடுவது கேட்டது.  முகத்தைத் திருப்பி ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தாங்க முடியாத ஆசை வந்தது. கைக்குட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது சசிதரனின் குதிகால் அந்தக் கல்லை நெருங்குவது கண்ணில் பட்டது. இதற்கு மேல் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"கல்லு, தம்பி" என்று முணுமுணுத்தார்.

சசிதரன் காலைத் தூக்கி வைத்துத் தப்பித்தான். எல்சாவின் கை குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எட்மண்டுக்குத் தெரியவில்லை. அவர் திரும்பவில்லை. கடைசி வரைக்கும் திரும்பாமல் நடந்துபோய் மகளின் கையை டெனின் கையில் வைத்தார். அவ்வளவுதான், நேரம் முடிந்துவிட்டது. அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

ரெண்டு வாரம் கழித்து சசிதரன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். எட்மண்ட் குறை சொல்வதற்குத் தயாராகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளிச்சம் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு அந்தப் படம் வந்தது.

பின்னால் வாசல் நிறைய மஞ்சு. நடுவில் எட்மண்ட், சுதந்திர தின அணிவகுப்பில் போகிற பள்ளிக்கூடத்துப் பையன்போல விறைப்பாக, கையில் கசங்கிய கைக்குட்டையோடு. எல்சா கேமராவைப் பார்க்கவில்லை. பீடத்தையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. கல் வந்த இடத்தில், அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரோடு. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவள் வேறெங்கும் பார்க்கவில்லை.

"நீ ஏன் தம்பி அவளக் கூப்பிடல?" என்று எட்மண்ட் கேட்டார். 

"எதுக்கு சேட்டா?" என்றான் சசிதரன். "மோளு அவங்க அப்பாவ நோக்கிட்டு வர்றா. நடுவுல நான் எதுக்குக் கூப்பிடணும்?"

எட்மண்டால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஜன்னலருகே நின்று, எதிரே சரிவில் இருந்த தேயிலையைப் பார்த்தார். இதுவரை அவர் படம் எடுத்த மணப்பெண்கள் எல்லோரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களும் அப்பாவின் பக்கம் திரும்பப் போன நேரத்தில்தான் இவர் கூப்பிட்டாரோ என்னவோ. ஜெஸிந்தா பின்னாலேயே வந்து, அதே கைக்குட்டையை நீட்டினாள். இந்தத் தடவை கேலி பண்ணவில்லை.

அடுத்த கல்யாணம் அதே கோவிலில், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிற ஆண்ட்ரூவின் மகள் ஷைனாவுக்கு. எட்மண்ட் பழையபடி கேமராவோடு எதிரே நின்றார். கதவு திறந்தது. ஆண்ட்ரூ யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல் நேராகப் பார்த்து நடந்து வந்தார். ஷைனா ஊர் வழக்கப்படி கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். எட்மண்டின் குரலுக்காகக் காத்திருந்தாள்.

எட்மண்ட் கேமராவுக்கு மேலே தலையைத் தூக்கினார். சும்மா இருக்க அவருக்கு இந்த ஜென்மத்தில் வராது.

"இங்க இல்லம்மா" என்றார் மெதுவாக. "அப்பாவப் பாரு."

ஷைனா ஒரு நொடி திகைத்தாள். பிறகு திரும்பி ஆண்ட்ரூவைப் பார்த்தாள். அவள் முகத்தில் அது வந்தது.

எட்மண்ட் பின்னால் நடந்தபடி எடுத்துக்கொண்டே போனார். கல் வந்த இடத்தில் குதிகாலைத் தூக்கி வைத்தார். ஆண்ட்ரூவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பீடத்தைப் பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார். ஆல்பம் வரட்டும் என்று எட்மண்ட் நினைத்துக்கொண்டார்.