பூட்ஸில் ஊறிய ஆறு

பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன நாளிலிருந்து ரயில்வே பொறியாளர் ஆம்ப்ரோஸ் டில்லிங்கின் பூட்ஸில் ஆற்றுத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஜோடியை மாற்றினார், புதுசிலும் ஊறியது. குடலைப் புரட்டும் செத்த மீன் நாற்றம். தலைமை அலுவலகத்தில் அவர் நாற்காலிக்கடியில் ஒரு தகரத் தொட்டியை வைத்து, கையோடு பதவி உயர்வும் கொடுத்தார்கள். தூ!

குயின்ஸ்லாந்தின் மேற்குப் பகுதியில், வாரகூலா என்ற ஊருக்கு ரயில் பாதை போட அவர் வந்தது 1909இல். நாலு வருஷமாய் மழையில்லை, ஆறு வெறும் மணலாய்க் கிடந்தது. கரையோர யூகலிப்டஸ் மரங்களில், இரண்டு ஆள் உயரத்தில், காய்ந்த புல்லும் செத்தையும் கிளைக் கவட்டில் சிக்கியிருந்தன. எஞ்சின் டிரைவர் லாக்லன் ரூர்க் அதைக் காட்டினார்.

"சார், வெள்ளம் அவ்ளோ உசரம் வந்திருக்கு. அதுதான் குப்பைய அங்க மாட்டிட்டுப் போயிருக்கு."

"பறவைக் கூடுய்யா அது. நீ எஞ்சினப் பாரு, ஆத்த நான் பாத்துக்கறேன்."

டில்லிங் பாலத்தை இடுப்புயரத்தில் கட்டினார். இரண்டாம் வருஷம் வந்த வெள்ளம் பாலத்தையும் எஞ்சினையும் லாக்லனையும் சேர்த்து விழுங்கியது. டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டியதுதான் காரணம் என்று விசாரணையில் கூசாமல் எழுதினார்கள். மற்ற டிரைவர்களுக்குப் பாடமாக இருக்கட்டுமென்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டேஷன் சுவரிலும் மாட்டினார்கள். லாக்லனின் மனைவி பிரைடி அந்தச் சுவருக்கு எதிரேதான் டீ விற்றாள். 'என் புருஷன் மேல தப்பில்லன்னு அந்த டில்லிங் தன் வாயால ஊருக்குச் சொல்லணும்' என்பதைத் தவிர அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, மறுபடி கொடும் பஞ்சத்தில், டில்லிங் ஓய்வுபெறும் முன் கடைசியாகப் பாதையைச் சோதிக்க வாரகூலாவுக்கு வந்தார். அவர் பிளாட்பாரத்தில் நடந்த இடமெல்லாம் குட்டை. வண்டியில் ஏற்றுவதற்காக நிறுத்தியிருந்த ஆடுகள் பிய்த்துக்கொண்டு ஓடிவந்து குடித்தன. மேயர் பெர்சி நட் பார்த்தார். அன்றைக்கே ஊர் டில்லிங்குக்கு வீடு கொடுத்து, வாசலில் வாய்க்காலும் வெட்டியது. லாக்லனின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களே மண்வெட்டி பிடித்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

ஒரு வருஷத்தில் டில்லிங்கின் பாதம் வெளுத்து அழுகியது. பிரைடியிடம் வந்து நின்றார்.

"சொல்லிடறேம்மா. தாங்க முடியல."

"எனக்குத்தான் தெரியுமேய்யா. ஊர் நடுவுல நின்னு சொல்லு."

சேதி தெரிந்து பெர்சி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். "பிரைடி, அவர் சொல்லித் தண்ணி நின்னுபோச்சுன்னா? நாலாயிரம் ஆடு இருக்கு தாயி! போனவன் போயிட்டான்."

"உங்க ஆடு குடிக்கறது என் புருஷன் முழுகின தண்ணி, பெர்சி."

"ஆட்டுக்கு அது தெரியவா போகுது?" என்று சிரித்தார் அந்த மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிய நேரத்தில் டில்லிங் பிளாட்பாரத்துப் பெஞ்சில் ஏறினார். பிரைடி அவருடைய இடப்பக்கம் ஒட்டி நின்றாள். "அது கூடு இல்ல, வெள்ளக் குப்பை! ரூர்க் மேல தப்பில்ல, தப்பு என்னோடது!" என்று நரம்பு புடைக்கக் கத்தினார். முதல் வார்த்தையிலேயே பெர்சி கையைத் தூக்க, ஊர் பேண்டு வாத்தியம் முழங்கத் தொடங்கியிருந்தது. டில்லிங்கின் வாய் அசைந்தது மட்டும்தான் ஜனங்களுக்குத் தெரிந்தது. நன்றாகக் கைதட்டினார்கள்.

பிரைடிக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் பக்கமிருந்த இடது பூட்ஸ் அங்கேயே காய்ந்து வெடித்தது. ஊர் நின்ற பக்கமிருந்த வலதில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஊருக்கு ஒரு கால் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையில் ஆடுகளை அவருடைய வலப்பக்கமாக ஓட்டிவந்தார்கள்.