நாக்கைத் தூக்கு

...எட்டாம் நாள், இன்றைக்கு எட்டாம் நாள், அது இந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் குமாஸ்தாவுக்கு எங்கே தெரியப்போகிறது, என்னைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என் கடிதத்தை வாசிக்கிறான், வாசிக்கிறானா, ஏலம் போடுகிறான், "சிறை மருத்துவமனை" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த அம்மாள் கீழே கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள் தாயே, கிழிந்த குடையும் காலிப் புட்டியும், பெரிய புதையல். காசநோய்க்கு ஆறு மாத மருந்து, இரண்டு மாதம் உள்ளே விழுங்கியாயிற்று, வெளியே விடும்போது ஏழு நாள் மாத்திரையைக் காகித உறையில் போட்டுக் கொடுத்து, மிச்சத்தை வெளியில் வாங்கிக்கொள், நடுவில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும், அப்புறம் இந்த மருந்து கேட்காமலும் போகலாம் என்றார் ஜெயில் டாக்டர், தலையை நிமிர்த்தாமல்... இரண்டு மாதமும் என் முகத்தைப் பார்க்காத மனிதர், நெஞ்சுப் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், தெருவில் எதிரே வந்தால் என் விலா எலும்பை வேண்டுமானால் அடையாளம் கண்டுபிடிப்பார்.

குமாஸ்தா கூப்பிட்டு, விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்கிறான், இல்லையென்றால் பதிய முடியாதாம், பதியாவிட்டால் மருந்து கிடையாதாம். நாலு வருடமாக எனக்கு இருந்த விலாசம் அந்தக் கடிதத்திலேயே முத்திரையாக இருக்கிறதே, அது போதாதா? நான் கூட வந்த அக்காவைப் பார்க்கிறேன், அக்கா தரையைப் பார்க்கிறாள். அவள் புருஷன் காலையிலேயே சொல்லி அனுப்பினான், நம் விலாசத்தை எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதே என்று, அவன் வீட்டில் எனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, மாறிவிடக்கூடாதென்று டம்ளரில் சிவப்பு நூல் வேறு, பெரிய வீரன், கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிறவன். இவள் மட்டும் என்ன, நாலு வருடத்தில் இரண்டு தடவை பார்க்க வந்தாள், இரண்டு தடவையும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மணி பார்த்தாள். தரமாட்டாள், எனக்குத் தெரியும், இவர்களை எனக்குத் தெரியாதா... அக்கா பர்ஸைத் திறந்து தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என் தம்பி. என் வீட்லதான் இருக்கான். எழுதிக்குங்க."

அவளைத் திட்ட என் மனதில் ஒன்றும் அகப்படவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மருந்து அறையில் இருக்கிற நர்ஸ் சின்னப் பெண், இங்கேயே விழுங்கணும்ண்ணே என்கிறாள், அண்ணனாம்... உள்ளேயும் இப்படித்தான், கண்ணெதிரே விழுங்கவேண்டும், மாத்திரையை ஒளித்துவைத்து விற்கிறோமாம், கம்பவுண்டர் டார்ச்சோடு நிற்பான், வாயைத் திற, நாக்கைத் தூக்கு, கடைவாயைக் காட்டு, எல்லாம் பார்த்துவிட்டுப் "போ" என்பான், அதற்கப்புறம்தான் மூடலாம். என்ன ஜென்மங்கள், வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கும்போதே வாயைப் பிளந்துகொண்டு வருவார்கள், தீனிக்கு நிற்கும் குஞ்சு மாதிரி, எனக்குக் குமட்டும். நான் அப்படியில்லை. சொன்னால்தான் திறப்பேன், அதுவும் இரண்டாம் தடவை சொன்னால்தான், ஒரு நாள் அதற்காக முதுகில் வாங்கியும் இருக்கிறேன். உடம்பு போயிற்று, மானம் போயிற்று, அந்த ரோஷம் ஒன்றைத்தான் கெடாமல் வெளியே கொண்டுவந்தேன்.

நாலு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், இறங்கிவிட்டன, எட்டாம் நாள் தப்பவில்லை, அப்பாடா. நர்ஸ் ஏன் இப்படிப் பார்க்கிறாள்?

"என்னண்ணே, பல்லு வலிக்குதா?"

பல்லா, எனக்கா... அக்காவும் பார்க்கிறாள், அவள் முகம் ஏன் இப்படிக் கோணுகிறது... என் வாய் திறந்திருக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கிறது, கழுத்து மேசை விளக்குப் பக்கம் தானாகவே சாய்ந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை, ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மூடு, மூடித்தொலை, ஆமாம் பல்வலி என்றாவது சொல்லித்தொலை, அதற்கும் நாக்கை இறக்கவேண்டுமே... நர்ஸ் காத்திருக்கிறாள், அக்கா காத்திருக்கிறாள், நானும்தான் காத்திருக்கிறேன், இவர்களில் யார் எனக்குப் "போ" சொல்வார்கள்?